மெய்வல்லுநர் போட்டி முடிந்த பிறகும் பிள்ளைகள் வளர்கிறார்கள்

திருகோணமலை மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆரம்பக் கல்விக்கும் உடற்கல்விக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், ஆரம்பப் பிரிவு அதிபர்களுக்கும்

வணக்கம்.

என் பேர்த்திக்கு ஏழு வயது. கடந்த பெப்ரவரியில் ஒரு மாலை அவளை டச் பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அலை தொடும் இடத்துக்கு யார் முதலில் போவது என்று கேட்டேன். மணலில் காலைப் புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "அம்மம்மா, எனக்கு ஓட வராது" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "தெரிவுப் போட்டியில் நான் கடைசி. பெயரை வெட்டிவிட்டார்கள். மற்றவர்கள் பழகும்போது நாங்கள் மரத்தடியில் இருந்தோம்."

எத்தனை நாள் மரத்தடியில் இருந்தாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய தாயிடம் கேட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கும் மேல். அந்த மூன்று வாரமும் அவளுடைய வகுப்புக்கு நாள்தோறும் விளையாட்டு நேரம் இருந்தது. ஆனால் அது தெரிவானவர்களின் நேரமாக இருந்தது. பிறகு மெய்வல்லுநர் போட்டி நடந்தது, கிண்ணங்கள் கொடுத்தார்கள், கொட்டகைகளைப் பிரித்தார்கள். மார்ச் மாதத்தில் இருந்து அந்த நேரமும் இல்லை.

அந்தப் பாடசாலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு பாடசாலையின் குறையாகச் சுருங்கிவிடும். 32 வருடங்கள் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் நான். பட்டணத்துக்குள் படிப்பித்திருக்கிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன், துறையைக் கடந்து போய் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் படிப்பித்திருக்கிறேன். நான் வேலை செய்த எல்லா இடத்திலும் இதே கதைதான். அதில் என் பங்கும் இருக்கிறது. ஐந்தாம் தர வகுப்பைப் பொறுப்பெடுத்த வருடங்களில், புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க விளையாட்டு நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டேன். பெற்றோர் நன்றி சொன்னார்கள். அதிபர் கூட்டத்தில் பாராட்டினார். பிள்ளைகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கவனக்குறைவு என்று திட்டினேன். இப்போது எழுதும்போது அந்தப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால் உங்களிடம் பேசுகிறேன்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1999ஆம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடு முழுவதும் வந்தபோது நான் வகுப்பறையில் இருந்தேன். ஐந்து வருடங்களை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. முதலாம், இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்கு முதலிடம், அடுத்தது செயற்பாடு, எழுத்து வேலை மிகவும் குறைவு. மூன்றாம், நான்காம் தரங்களில் மூன்றும் சமம். ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலை கூடும், விளையாட்டுக் குறையும். ஆனால் அங்கேயும் அது இல்லாமல் போவதில்லை. எவ்வளவு தெளிவான, பிள்ளையை அறிந்த ஒழுங்கு! அந்த ஒழுங்கைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிய மாலையில் எனக்கு இருந்த உற்சாகத்தைச் சொன்னால் இன்றைய இளம் ஆசிரியர்கள் நம்பமாட்டார்கள். சில வருடங்களுக்குள் முதலாம் தரப் பிள்ளைகளின் கொப்பிகளைப் பெற்றோர் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். யாருடைய வகுப்பில் பக்கங்கள் கூட எழுதப்பட்டிருக்கிறதோ அவர்தான் நல்ல ஆசிரியை. நாங்கள் எல்லோரும் பக்கங்களை நிரப்பத் தொடங்கினோம்.

ஆறாம் தரத்துக்குப் போனதும் பிள்ளைக்குச் "சுகாதாரமும் உடற்கல்வியும்" என்று தனிப் பாடம் கிடைக்கிறது. புத்தகம் இருக்கிறது. பெரிய பாடசாலைகளில் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார். அப்போது பிள்ளைக்கு வயது பதினொன்று. ஓடவும் பாயவும் எறியவும் பிடிக்கவும் உடம்பு மிக எளிதாகக் கற்றுக்கொள்ளும் வருடங்கள் அதற்கு முன்பே போய்விட்டன. அந்த வருடங்களில் பிள்ளையின் பொறுப்பு வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. தமிழும் கணிதமும் சுற்றாடலும் படிப்பிக்கிற அதே ஆசிரியரிடம். அவருக்கு ஒரு பந்தை எப்படிப் பிடிக்கக் கற்பிப்பது என்று யாராவது மைதானத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்களா? எனக்கு என் சேவைக்காலத்தின் முதல் பாதியில் ஒருவரும் காட்டவில்லை.

எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் பந்தைக் கொடுத்து எறியச் சொன்னால், நேரே பார்த்து நின்று, முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தைத் தள்ளும். நான்கு அடிக்கு அப்பால் விழும். அப்படியே விட்டுவிட்டால் அப்படியேதான் எறியும். பதினைந்து வயதிலும் அவ்வாறு எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் காலை முன்னே வைக்கச் சொல்லி, கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் திருப்பி எறியச் சொல்ல வேண்டும். அதையும் ஒரே நாளில் சொல்லக்கூடாது. முதல் வாரம் காலை மட்டும். அடுத்த வாரம் கையை மட்டும். ஒரு மாதத்தில் பந்து எதிர் மதிலில் போய் அடிக்கும். அந்த ஓசையைக் கேட்டதும் பிள்ளையின் முகத்தில் வருகிற வெளிச்சம், முதல் முறையாகத் தன் பெயரைத் தானே எழுதியபோது வந்த அதே வெளிச்சம். அகரம் எழுதும்போது எங்கே தொடங்கி எங்கே வளைப்பது என்று கையைப் பிடித்துக் காட்டுகிற நாங்கள், எறிதலும் பாய்தலும் கெந்துதலும் வளர வளரத் தானாக வந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். அவை தானாக வருவதில்லை. ஓட்டம்கூட ஓரளவுக்குத்தான் வரும். கையை வீசுவதையும் தலையை நேரே வைப்பதையும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். என் பேர்த்திக்கு ஓட வராதது உண்மைதான். யாரும் கற்பிக்காத ஒன்றில் அவளைப் பரீட்சித்து, தோற்றவள் என்று பெயர் வெட்டியதுதான் நடந்தது.

ஒரு நாள், சக ஆசிரியை ஒருவர் எடுத்த விளையாட்டுப் பாடத்தை மரத்தடியில் இருந்து பார்த்தேன். 38 பிள்ளைகள், ஒரு பந்து, இரண்டு வரிசைகள். ஒரு சிறுமியை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு, கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். அரை மணி நேரத்தில் அவளுடைய கைக்குப் பந்து வந்தது மூன்று முறை. மூன்றாவது முறை நழுவ விட்டாள், வரிசை முழுவதும் சிரித்தது. அந்த ஆசிரியை அக்கறையில்லாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். வெயிலில் நின்று, தொண்டை கட்டக் கத்தி, உண்மையாகவே உழைத்தார். எனக்கும் அவருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வார இறுதியில் வீட்டில் கிடந்த பழைய காலுறைகளையும் துணித்துண்டுகளையும் சுருட்டித் தைத்து 20 பந்துகள் செய்தேன். இரண்டு பேருக்கு ஒரு பந்து. அதே சிறுமிக்கு அதே அரை மணி நேரத்தில் எழுபது முறைக்கு மேல் பந்து கிடைத்தது. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். துணிப்பந்து முகத்தில் பட்டாலும் வலிக்காது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் பழக்கமும் அவளை விட்டுப் போனது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. செலவில்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு 15 வருடங்கள் எடுத்தன. அடுத்த ஆசிரியைக்கு அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது.

வெளியேற்றும் விளையாட்டுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்கீதக் கதிரை, தொட்டால் வெளியே போகும் ஆட்டங்கள், தவறவிட்டால் உட்காரச் சொல்லும் ஆட்டங்கள். இவற்றில் முதலில் வெளியே போகிறவர் யார்? மெதுவாக ஓடுகிற பிள்ளை, கைகால் தடுமாறுகிற பிள்ளை. பயிற்சி யாருக்கு அதிகமாகத் தேவையோ அவரைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம்.

பிள்ளைகளை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டியை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். மக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ ஒரு பாடசாலையின் போட்டி நடக்கும் நாளில் காற்றிலேயே ஒரு திருவிழா இருக்கும். ஓலையும் தென்னங்குருத்தும் கொண்டு பிள்ளைகள் இல்லங்களை அலங்கரிக்கும் அழகும், அணிநடையில் காலை மாற்றி வைத்துவிட்டுத் திடுக்கிட்டுத் திருத்திக்கொள்ளும் சின்னவர்களும் எனக்கு மிகவும் பிடித்தவை. தேசிக்காயும் கரண்டியும், சாக்கோட்டம், தவளைப் பாய்ச்சல் எல்லாம் நல்ல விளையாட்டுகள். நான் கேட்பது வேறு. ஆரம்பப் பிரிவில் இந்த ஒரு நாளுக்காக இரண்டு மாதங்கள் உழைக்கிறோம், மீதி வருடத்தை வெறுமையாக விடுகிறோம். முதல் மூன்று தரங்களிலாவது தெரிவுப் போட்டியே வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் அன்று மைதானத்தில் இறங்கட்டும். வருடம் முழுவதும் பழகியதைப் பெற்றோருக்குக் காட்டும் நாளாக அது இருக்கட்டும்.

வருடம் முழுவதும் என்று சொல்லும்போது நம்முடைய மண்ணின் காலநிலையை நினைத்துப் பேச வேண்டும். கொழும்பில் இருந்து வரும் திட்டத்தில் மழை வேறு மாதத்தில் பெய்கிறது. நமக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கிறது. ஜனவரியில் பாடசாலை தொடங்கும்போது பல மைதானங்களில் இன்னும் தண்ணீர் நிற்கும். பெப்ரவரியில் இருந்து ஏப்ரல் விடுமுறை வரை நல்ல காலம். அந்த நல்ல காலத்தைத்தான் தெரிவானவர்களுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களை மரத்தடியில் வைக்கிறோம். மேக்குப் பிறகு கச்சான் காற்று. மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் கொஞ்சமும் இருப்பதில்லை. வெப்பம் 35 பாகையைத் தாண்டும் நாட்களில் பத்து மணிக்கே மைதானத்து மணல் சுடும்.

இப்போது உங்கள் பாடசாலைகளின் நேரசூசிகளை எடுத்துப் பாருங்கள். ஆரம்பப் பிரிவுக்கு விளையாட்டு எங்கே போடப்பட்டிருக்கிறது? நான் கண்டவற்றில் பெரும்பாலும் கடைசிப் பாடவேளையில், உச்சி வெயிலில். படிப்பு முடிந்து பிள்ளைகள் களைத்த பிறகு கொடுக்கும் மிச்சம் அது. பிள்ளையின் உடம்பு பெரியவர்களின் உடம்பைப் போன்றதில்லை. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு அதிகம், வியர்ப்பது குறைவு, வெயிலில் விரைவாகச் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைக் கவனிக்கவும் மாட்டார்கள். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெப்பம் கடுமையானபோது, பிள்ளைகளை வெளியில் கடும் பயிற்சிகளில் ஈடுபடுத்த வேண்டாம் என்று கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. சரியான அறிவுறுத்தல். பல இடங்களில் அதற்குப் பதிலாக விளையாட்டையே நிறுத்தினார்கள். காலை எட்டரை மணிக்கு முன், வாகை மரத்து நிழலில், தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குடிக்கச் சொல்லி நடத்த முடியும். நான் நடத்தியிருக்கிறேன். நேரசூசியில் ஒரு கட்டத்தைக் கடைசிப் பாடவேளையில் இருந்து காலைக்கு மாற்ற எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

ஆனால் காலையில் ஓட வேண்டுமானால் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் முடிவதற்குள் சரிந்து விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தவள் நான். தேநீரைக் குடித்துவிட்டு வந்திருந்தான், அதுவும் வெறும் தேநீர். அதன் பிறகு எந்தப் பிள்ளையையும் ஓடச் சொல்வதற்கு முன் என்ன சாப்பிட்டாய் என்று கேட்காமல் விட்டதில்லை. பாடசாலை உணவு கிடைக்கும் இடங்களில் அதைக் காலையிலேயே கொடுத்து, சிறிது நேரம் ஆறவிட்டு விளையாட்டுக்கு இறக்கலாம். உணவுக்குப் பொறுப்பானவரும் நேரசூசிக்குப் பொறுப்பானவரும் ஒரு மேசையில் இருந்து பேசினால் முடிகிற காரியம். சப்பாத்து இல்லாத பிள்ளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். வெறுங்காலோடு விளையாடலாம், அதில் தவறில்லை. மைதானத்தில் கண்ணாடித்துண்டும் முள்ளும் கிடக்கிறதா என்று ஆசிரியர் முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்தால் போதும்.

ஒக்டோபரில் வானம் கறுத்ததும் நாங்கள் விளையாட்டுக் கோவையை மூடிவிடுகிறோம். மூன்று மாதங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதங்கள் என்பது எவ்வளவு நீண்ட காலம்! மண்டபம் இல்லாத பாடசாலையிலும் வகுப்பறை இருக்கிறது. வாங்குகளைச் சுவரோடு தள்ளிவிட்டால் நடுவில் இடம் கிடைக்கும். வெண்கட்டியால் தரையில் ஒரு கோடு கீறி, அதன் மேல் குதிகாலும் பெருவிரலும் தொடத் தொட நடக்கச் சொல்லுங்கள். பிறகு கைகளை விரித்து, பிறகு தலையில் கொப்பியை வைத்து, பிறகு பின்பக்கமாக. சமநிலைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இரண்டு சிரட்டைகளில் துளையிட்டுக் கயிறு கோத்தால் சிரட்டை நடை. நம்முடைய தாய்மார் வெட்டிய கொக்கான் கைக்கும் கண்ணுக்கும் எவ்வளவு பெரிய பாடம் என்பதை, ஐந்து கற்களை மேலே எறிந்து புறங்கையில் ஏந்திப் பார்த்தால் புரியும். கும்மி, கோலாட்டம், வசந்தன் எல்லாம் கலைவிழாவுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிட்டோம். தாளத்துக்குக் கால் வைத்துத் தாழ்ந்து எழும்பும் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, தொடை பலப்படுகிறது, பக்கத்தில் ஆடுகிறவரோடு இணங்கி அசையத் தெரிகிறது. மழை விட்ட நாளில் கிளித்தட்டு. காவல் நிற்பவனின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் பாய்கிற அந்த ஒரு நொடியில் பிள்ளை எத்தனை முடிவுகள் எடுக்கிறது! தடியால் மணலில் கோடு கீறினால் கிளித்தட்டுக்குத் தட்டு ஆயத்தம்.

பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி, நல்ல பாடசாலை, ரியூசன். நாள்தோறும் அரை மணி நேரம் விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்கிறார்கள். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாட்களாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் பாடசாலையில் கேட்பது அதில் பாதி. ஒரு செய்தியைப் பெற்றோர் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளின் முதலாம் தரப் பிள்ளைகளை எடுத்து, ஆறு பாடசாலைகளில் மட்டும் நாள்தோறும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடங்களில் வழக்கம்போல இருந்த பாடசாலைகளில் 39.5 சதவீதமானவர்களுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பாடசாலைகளில் 30.4 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. வகுப்பில் கண்ணாடி போடும் பிள்ளைகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடுவதை நானே பார்த்தேன். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வகுப்பு எப்படி உதவும் என்று கேட்டால் தந்தையர்கள் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இன்னும் ஒன்றைக் கைவிட வேண்டும். வீட்டுவேலை செய்யாத பிள்ளைக்கு, சத்தம் போட்ட பிள்ளைக்கு, விளையாட்டு நேரத்தை மறுப்பது. மதிய உணவைப் பறித்துத் தண்டிக்க யாருக்கும் மனம் வராது. விளையாட்டைப் பறிக்க எல்லோருக்கும் வருகிறது. விளையாடும் உரிமையைச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை சொல்கிறது, நம் நாடு அதை 1991இல் ஏற்றுக்கொண்டது.

எனக்கு ஒரு மாணவன் இருந்தான். ஒரு கால் குட்டை. முதலாம் தரத்தில் இருந்து ஐந்தாம் தரம் வரை ஒவ்வொரு விளையாட்டிலும் அவனுக்கு ஒரே வேலை: புள்ளி எழுதுவது. அதை மரியாதை என்று நாங்கள் நினைத்தோம். ஐந்தாம் தரத்தில் அவனிடம் துணிப்பந்தைக் கொடுத்தபோது எறிதலில் வகுப்பிலேயே அவனுடைய குறிதான் சரியாக விழுந்தது. அதுவரை யாரும் அவனிடம் பந்தைக் கொடுத்துப் பார்க்கவில்லை. நான்கு வருடங்களாகப் பந்தைக் கையில் பிடிக்காமல் புள்ளிகளை மட்டும் எழுதியிருக்கிறான். பெண்பிள்ளைகளுக்கும் நான்காம் தரத்தில் இருந்து இதைப் போன்ற ஒதுக்கம் தொடங்குகிறது. வெள்ளைச் சீருடை அழுக்காகும், கறுத்துப்போவாய், பெண்பிள்ளை இப்படிப் பாயலாமா. தமிழ்ப் பாடசாலையிலும் கேட்டேன், முஸ்லிம் பாடசாலையிலும் கேட்டேன். தாய்மாரைக் கூப்பிட்டு, எந்த உடுப்பு வசதி என்று அவர்களிடமே கேட்டு முடிவு செய்த இடத்தில் ஒரு பிள்ளையும் ஒதுங்கவில்லை.

2005 ஜனவரியை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு பாடசாலைக் கட்டடங்களில் குடும்பங்கள் தங்கியிருந்தன. நாங்கள் சில ஆசிரியைகள் பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விளையாடினோம். தம்பியைப் பறிகொடுத்த ஒரு சிறுமி மூன்று வாரங்களாக ஒரு சொல்லும் பேசவில்லை. வட்டமாக நின்று, பெயரைச் சொல்லிப் பந்தை எறியும் விளையாட்டு. அவளுடைய முறை வந்தபோது எல்லோரும் காத்திருந்தோம். பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு எதிரே நின்ற பிள்ளையின் பெயரைச் சொல்லி எறிந்தாள். உடற்கல்வி என்ற சொல்லை யாராவது மேலதிகச் செயற்பாடு என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

கடலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு மடல் வேண்டும். மூன்று பக்கமும் தண்ணீர் உள்ள பட்டணத்தில் பிறந்து, நீந்தத் தெரியாமல் பாடசாலையை விட்டு வெளியேறுகிற பிள்ளைகளைப் பற்றி நீங்கள் தனியாக யோசிக்க வேண்டும்.

என் வேண்டுகோள்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை நாள்தோறும் அரை மணி நேரம், நேரசூசியில் காலைப் பொழுதில், பரீட்சைக்கோ ஒத்திகைக்கோ தண்டனைக்கோ யாரும் எடுக்க முடியாதபடி ஒரு சுற்றுநிருபத்தால் பாதுகாக்கப்பட வேண்டும். நல்ல காலம், கச்சான் காலம், மழைக்காலம் என்று நம் மாவட்டத்துக்கென்றே ஒரு வருடத் திட்டத்தை வகுப்பாசிரியர்களோடு சேர்ந்து எழுதுங்கள். நோன்புக் காலத்தில் விடுமுறை விடும் பாடசாலைகளின் நாட்காட்டியையும் அதில் கணக்கில் எடுங்கள். முன்னேற்ற அறிக்கையில் புள்ளி வேண்டாம், ஒரு வரி போதும்: தவணைத் தொடக்கத்தில் ஒற்றைக்காலில் மூன்று நொடி நின்றாள், இப்போது பன்னிரண்டு நொடி நிற்கிறாள். மேற்பார்வைக்கு வரும்போது கொப்பிகளைப் பார்ப்பதற்கு முன் மைதானத்துக்கு வாருங்கள். எத்தனை பிள்ளைகள் அசைகிறார்கள், எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

வகுப்பாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆளில்லை என்று சொல்வீர்களானால், நான் இருக்கிறேன். என்னைப் போல ஓய்வுபெற்ற இன்னும் சிலர் இந்தப் பட்டணத்தில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். என் வீட்டு முன்னறையில் 40 துணிப்பந்துகளும், 12 தும்புக்கயிறுகளும், 20 சோடிச் சிரட்டைகளும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு முப்பது ஆசிரியர்களை ஏதாவது ஒரு பாடசாலை மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். கொடுப்பனவு எதுவும் வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன். பேர்த்தியையும் கூட்டிக்கொண்டு வருவேன். மார்ச் மாதத்தில் இருந்து வீட்டு முற்றத்தில் எறியப் பழகியிருக்கிறாள், எந்தக் காலை முன்னே வைப்பது என்று உங்கள் ஆசிரியர்களுக்கு அவளே காட்டுவாள். திகதியை மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்
திருகோணமலை